ஓசை கேட்கிறது, சொல் விளங்கவில்லை

தமிழில் 'கேள்' என்னும் வினைக்குப் பொருள் பல. செவியால் ஓசையை ஏற்பதும் கேட்டல், வினவுவதும் கேட்டல், பிறர் சொல்லுக்கு இணங்கி நடப்பதும் கேட்டல். பெயர்ச்சொல்லாக வரும்போது 'கேள்' உறவைக் குறிக்கும். கேளிர் என்றால் உறவினர். 'கேள்வி' என்பது வினாவையும் குறிக்கும், கற்றோர் வாயிலாகச் செவிவழிப் பெறும் அறிவையும் குறிக்கும். திருக்குறளில் கேள்வி 42ஆம் அதிகாரம். கல்வி, கல்லாமை என்னும் இரண்டுக்கும் பின்னால், அறிவுடைமைக்கு முன்னால் அது நிற்கிறது. கேள்வியால் துளைக்கப்படாத செவி ஓசையைக் கேட்கும் ஆற்றல் பெற்றிருந்தும் செவிட்டுச் செவியே என்ற கருத்து அந்த அதிகாரத்தில் உண்டு. வள்ளுவர் பேசியது அறிவு நெறியைப் பற்றி. எனினும் அந்தக் கருத்துக்கு அடியில் இருக்கும் பாகுபாடு உடலியல் நோக்கிலும் மெய்யானது. ஓசை செவியை வந்தடைவது ஒன்று. அது சொல்லாகி மனத்தில் விளங்குவது மற்றொன்று.

செவித்திறன் குறைந்த முதியவர்கள் பலரும் சொல்லும் ஒரே முறையீடு இதுதான்: "சத்தம் கேட்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல." வீட்டார் இதை நம்புவதில்லை. உரக்கப் பேசுகிறார்கள், அதுவும் பயன் தராதபோது சலித்துக்கொள்கிறார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழி குறையை ஓசையின் அளவில் தேடுகிறது. முதுமையில் பெரும்பாலானோர் இழப்பது ஓசையின் அளவை மட்டுமன்று, அதன் தெளிவையும்தான். ஆகவே, செவி இழந்த தெளிவை மனத்தைப் பழக்கி ஈடுசெய்ய முடியுமா என்ற கேள்வி எழுந்தது. மருத்துவர்களும் ஆசிரியர்களும் உளவியலாளரும் நூறாண்டுக்கு மேலாக இதற்கு விடை தேடி வருகின்றனர். அந்த வரலாற்றைச் சவ்வாது மலையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. காரணம், ஒரு மலையின் ஓசைகளையே பெயராகக் கொண்ட சங்கப் பாட்டு பிறந்த நிலப்பகுதி அதன் அடிவாரம்.

*

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டான மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரமலையைப் பருவதமலை என்று கொள்வோர் பலர். சேயாறு சவ்வாது மலையில் பிறந்து கீழே இறங்குகிறது. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பின்னர்தான் இந்நூல் ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுக்கு வந்தது.

மலையை யானையாகவும், மலையில் எழும் ஓசைகளை அதன் மதத்தின் பெருக்காகவும் உருவகித்ததால் பாட்டுக்கு இப்பெயர். பரிசில் பெற்று மீண்ட கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர் சுற்றத்துக்கு வழி சொல்கிறான். அந்த வழிகாட்டலின் நடுவே நீண்ட ஓசைப் பட்டியல் ஒன்று வருகிறது. அருவியில் ஆடும் மகளிரின் ஆரவாரம், பிளவில் வீழ்ந்த குட்டிக்காக மந்தி தன் சுற்றத்தோடு எழுப்பும் கூக்குரல், தேன் எடுப்போரின் ஒலி, புலி பாய்ந்த கணவனின் புண் ஆறக் குறமகள் பாடும் பாட்டு, தினை குற்றுவோரின் வள்ளைப்பாட்டு, சேம்பையும் மஞ்சளையும் காப்போர் பன்றி விரட்ட அறையும் பறை, கரும்பாலையின் ஓசை என அடுக்கிக்கொண்டே போகிறார் புலவர்.

இலக்கிய மாணவர்கள் இப்பகுதியை இயற்கை வருணனை என்று படித்துவிட்டுப் போவது வழக்கம். அது வருணனை மட்டும் அன்று. மலைக்குப் புதியவர்களுக்கு 'நீங்கள் கேட்கப் போவது இவை' என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் பயிற்சி அது. எதுவும் அறியாமல் போகிறவனுக்கு மலை ஒரே இரைச்சல். மலைவாழ் மகளிர் வேங்கைப் பூவைப் பறிக்கும்போது எழுப்பும் ஆரவாரமும் பட்டியலில் உண்டு. அவர்கள் 'புலி, புலி' என்று கூவிப் பறிப்பர் என்பது மரபு. முன்னறிவு இல்லாதவன் அந்தக் கூச்சலைக் கேட்டால் ஓடுவான். அறிந்தவன் பூவை நினைப்பான். இருவர் செவியிலும் விழுந்த ஓசை ஒன்றே. வேறுபாடு செவிக்கு அப்பால் இருக்கிறது.

இதே மலையில், பதினெட்டு நூற்றாண்டுக்குப் பின் நடந்த வேறொரு நிகழ்ச்சியும் இங்கு நினைவுக்கு வருகிறது. சவ்வாது மலையின் காவலூரில் வேணு பாப்பு 1960களின் இறுதியில் வானாய்வுக் கூடம் ஒன்றை அமைத்தார். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கி அந்த ஒளியைப் பதிவு செய்தது. எதிர்பார்த்த மறைப்புக்கு முன்பே விண்மீனின் ஒளி ஒருகணம் மங்கியது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை யுரேனசின் புதிய துணைக்கோள் ஒன்றின் நிழலாகக் கருதி அறிவித்தனர். அதே மறைப்பைப் பறக்கும் ஆய்வுக்கூடத்திலிருந்து நோக்கிய அமெரிக்கக் குழு, கோளின் இருபுறமும் பல மங்கல்களைக் கண்டு, அவை வளையங்களின் அடையாளம் என்று உணர்ந்தது. காவலூரின் கருவி பிழை செய்யவில்லை. குறிப்பு சரியாகவே வந்து சேர்ந்தது. துணைக்கோள்கள் முன்பே அறியப்பட்டவை. யுரேனசுக்கு வளையம் இருக்கும் என்று அப்போது அவர்கள் எதிர்பார்க்கவில்லை. வந்து சேர்ந்த குறிப்பை, கையில் இருக்கும் அறிவைக் கொண்டுதான் எவரும் படிக்க முடியும். செவிக்கும் மனத்துக்கும் உள்ள உறவும் இத்தகையதே.

*

செவியில் கெடுவது என்ன என்பதைச் சுருக்கமாகக் காணலாம். உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் வரிசையாக அமைந்த மயிரணுக்கள் ஓசையின் அதிர்வை நரம்புக் குறிப்பாக மாற்றுகின்றன. நுழைவாயிலுக்கு அருகில் உள்ளவை உயர்ந்த அதிர்வெண்களுக்கும், உள்முனையில் உள்ளவை தாழ்ந்த அதிர்வெண்களுக்கும் உரியவை. முதுமையிலும் பேரிரைச்சலிலும் முதலில் அழிவது பெரும்பாலும் நுழைவாயில் பக்கம். அழிந்த மயிரணுக்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

பேச்சில் உயிரொலிகளின் ஆற்றல் மிகுதியும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. மெய்களை, அதிலும் வல்லின மெய்களை, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டும் நுட்பமான குறிப்புகள் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. ஆகவே செவி தளர்ந்தவருக்குக் குறில் நெடில் வேறுபாடு எளிதில் மறைவதில்லை. கல்லும் காலும் குழம்புவது அரிது. தட்டு, தப்பு, தச்சு ஆகியவை குழம்பிவிடும். தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகள் வாயில் பிறக்கும் இடங்களை வகுத்தார். நா எங்கே தொட்டது, இதழ் எங்கே குவிந்தது என்னும் அந்த இடவேறுபாட்டைத்தான் தளர்ந்த செவி முதலில் இழக்கிறது. உரக்கப் பேசினால் ஏற்கெனவே கேட்கும் உயிரொலிகளே மேலும் பெருக்கின்றன. கூட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். நலமான செவி பல குரல்களிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்கும். தளர்ந்த செவியில் எல்லாம் ஒரே கலவையாகிவிடும். செவிக்கருவி ஓசையைப் பெருக்கித் தரும், ஓரளவு வடிகட்டியும் தரும். நரம்பில் அழிந்த நுட்பத்தை அதனால் மீட்டுத்தர இயலாது.

அப்படியானால் அந்த முதியவர் எப்படித்தான் உரையாடலைத் தொடர்கிறார்? கிடைத்த துண்டுகளைக் கொண்டு மீதியை ஊகிக்கிறார். அதற்கு மூன்று ஆற்றல்கள் வேண்டும்: கேட்டதைச் சில கணங்கள் மனத்தில் ஏந்தி வைத்திருக்கும் நினைவு, வேண்டாத குரலை ஒதுக்கும் கவனம், மொழியறிவிலிருந்து பொருத்தமான சொல்லை விரைந்து எடுக்கும் திறன். ஏடு பெயர்த்தோர் செல்லரித்த இடத்தை யாப்பும் பொருளும் கொண்டு நிரப்பிப் படித்ததைப் போன்ற வேலை இது. பதிப்பாசிரியருக்கு ஓர் அடிக்கு ஒரு மாதம் வாய்க்கும். இவருக்கு வாய்ப்பது அரை நொடி. மாலையில் அவர் களைத்துப் போவதற்கும், உறவினர் கூடும் இடங்களைத் தவிர்ப்பதற்கும் இந்த ஓயாத உழைப்பு ஒரு முக்கியக் காரணம்.

*

இந்த உழைப்பைப் பயிற்சியால் எளிதாக்கலாம் என்ற எண்ணத்துக்கு நெடிய வரலாறு உண்டு. வியன்னாவின் காது மருத்துவர் விக்டர் உர்பான்சிச் 1890களில், காதுகேளாத குழந்தைகளிடம் எஞ்சியிருந்த செவித்திறனுக்கு முறையாகப் பயிற்சி தந்து அதுபற்றி நூல் எழுதினார். அவரிடம் கற்ற மாக்ஸ் கோல்ட்ஸ்டைன், 1914இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காதுகேளாதோருக்கான நிறுவனத்தைத் தொடங்கி அம்முறையை வளர்த்தார். இவ்விருவரும் கருதியது பெரும்பாலும் குழந்தைகளையே.

மொழியைக் கற்று முடித்த பின் செவியை இழந்தவர்களுக்காகச் சிந்தித்தவர் எட்வர்ட் நிச்சி. தாமே பதினான்கு வயதில் செவித்திறனை இழந்தவர். 1903இல் நியூயார்க்கில் இதழசைவைப் படிக்கக் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். இதழைப் பார்த்து எல்லா ஒலிகளையும் அறிய முடியாது. தமிழில் எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும்: பாலை என்றாலும் மாலை என்றாலும் இதழ் ஒரேவிதமாகத்தான் மூடித் திறக்கிறது. ககரம் தொண்டைப் பக்கம் பிறப்பதால் இதழில் தெரிவதே இல்லை. எனவே ஒவ்வோர் எழுத்தாகப் படிப்பதை விட்டு, முழு வாக்கியத்தின் கருத்தைப் பற்றிக்கொள்ள மனத்தைப் பழக்க வேண்டும் என்றார் நிச்சி. கண்ணுக்குத் தரும் பயிற்சியோடு மனத்துக்குத் தரும் பயிற்சியும் வேண்டும் என்பது அவருடைய கோட்பாடு. 1912இல் அவர் எழுதிய நூல் பல பதிப்புகளைக் கண்டது. பின்னாளில் 'அறிதிறன் பயிற்சி' என்று பெயர் பெற்றதன் விதை இங்கேயே இருக்கிறது.

அடுத்த திருப்பத்தைப் போர் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் பீரங்கி ஓசையாலும் குண்டு வெடிப்பாலும் செவி கெட்ட வீரர்களுக்காக அமெரிக்கத் தரைப்படை மூன்று மருத்துவமனைகளில் தனி மையங்களை அமைத்தது. பென்சில்வேனியாவின் டெஷான் மருத்துவமனையில் பணியாற்றிய ரேமண்ட் கார்ஹார்ட், கருவி பொருத்துதலையும் கேட்டற் பயிற்சியையும் இதழ்படிப்பையும் ஒரே திட்டமாக இணைத்தார். முதலில் பருவெட்டான ஓசைகள், பிறகு உயிரொலிகள், பிறகு நெருங்கிய மெய்யொலிகள், இறுதியில் இரைச்சலின் நடுவே பேச்சு என்று படிப்படியாகப் பயிற்சி அமைந்தது. செவியியல் தனித்துறையாக வளர்ந்ததில் இந்த மையங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1950களில் டிரான்சிஸ்டர் வந்து கருவிகள் சிறுத்தன. கருவி மேம்பட மேம்பட, பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவார் குறைந்தனர். பொருத்தி அனுப்புவதே மருத்துவம் என்றாயிற்று.

அதே காலத்தில் உளவியலாளர்கள் வேறு பக்கத்திலிருந்து இந்தக் கேள்வியை அணுகினர். 1951இல் ஜார்ஜ் மில்லரும் உடனாய்வாளரும், இரைச்சலின் நடுவே தனியாகச் சொன்ன சொல்லைவிட வாக்கியத்தில் அமைந்த அதே சொல் எளிதில் விளங்குவதைக் காட்டினர். 1953இல் காலின் செர்ரி, ஒரே சமயத்தில் இருவர் பேச, ஒருவர் பேச்சை மட்டும் பின்பற்றும் மனித ஆற்றலை ஆராய்ந்தார். 1970இல் ரிச்சர்ட் வாரன், ஒரு சொல்லிலிருந்து ஓர் ஒலியை அகற்றி அவ்விடத்தில் இருமலைச் சேர்த்து ஒலிபரப்பினார். கேட்டவர்கள் அந்தச் சொல்லை முழுமையாகவே கேட்டதாக உணர்ந்தனர்; இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதையும் அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கேட்டலில் மனம் செய்யும் பணி எவ்வளவு பெரிது என்பது இவற்றால் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் அவதானக் கலை நினைவுக்கு வரக்கூடும். கோட்டாற்றுப் பகுதியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். பலர் பலவகையான வினாக்களைத் தொடுக்க, மணியோசைகளை எண்ணிக்கொண்டும், முதுகில் விழும் பொருள்களைக் கணக்கிட்டுக்கொண்டும், கேட்ட வெண்பாவை நிறைவு செய்துகொண்டும் இருப்பது அவதானியின் திறம். செர்ரி ஆய்வுக்கூடத்தில் கண்டதை நம்மவர் மேடையில் கண்டிருந்தனர். கவனத்தையும் நினைவையும் பயிற்சியால் வியக்கத்தக்க அளவுக்கு வளர்க்கலாம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அவதானிக்குச் சந்தைக் கூச்சலில் நண்பரின் பேச்சு மற்றவரைவிடத் தெளிவாக விளங்குமா? மேடையில் பெற்ற திறன் தெருவுக்குக் கூடவே வருமா? பயிற்சிகளின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது.

*

இந்தியாவில் காதுகேளாதோர் கல்வி பழமையானது. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளியும், சென்னையில் 1969இல் எழுந்த பால வித்யாலயாவும் தமிழ்நாட்டின் பெருமைக்குரியவை. 1965இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும், 1983இல் மும்பையில் அலி யாவர் ஜங் பெயரிலான தேசிய நிறுவனமும் தோன்றின. காதுகேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2007இல் 25 மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. இந்த முயற்சிகளில் முதலிடம் குழந்தைகளுக்கே வாய்த்தது, அது நியாயமும்கூட. மொழியைக் கற்க வேண்டிய வயது தவறினால் பிறகு ஈடுசெய்வது கடினம். ஆயினும் மொழியைக் கற்று, அறுபது ஆண்டு அதில் வாழ்ந்து, பின்னர் அதிலிருந்து மெல்ல மெல்ல வெளியேற்றப்படுகிறவரின் துயரம் எவர் கணக்கிலும் சேரவில்லை.

சட்டத்தின் அளவுகோலும் அவருக்கு உதவுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு செவிகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவர் கேட்டல் குறைந்தவர். 70 டெசிபலோ அதற்கு மேலோ இழந்தவர் காதுகேளாதவர். 50 டெசிபல் இழந்தவர் இவ்வரையறைக்கு வெளியே நிற்கிறார். நான்கு பேர் கூடிப் பேசும் திண்ணையில் அவரால் உரையாட முடியாது. அளவுகோல் ஓசையை அளக்கிறது, விளக்கத்தை அளப்பதில்லை.

*

கணிப்பொறி வீட்டுக்குள் நுழைந்தபோது பயிற்சிக்கு மறுவாழ்வு கிடைத்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் ராபர்ட் சுவீட்டோவும் ஜெனிபர் ஹெண்டர்சன் சேபிஸும் 'லேஸ்' என்ற பயிற்சியை உருவாக்கி, 2006இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். நாளுக்கு அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு வாரம் என்பது திட்டம். பலர் பேசும் இரைச்சலில் ஒருவரைக் கேட்டல், விரைவுபடுத்தப்பட்ட பேச்சைப் பின்பற்றுதல், விடுபட்ட சொல்லை ஊகித்தல், கேட்டதை நினைவில் நிறுத்துதல் ஆகியவை அதில் இருந்தன. செவியையும் மனத்தையும் ஒருங்கே பழக்கும் அந்தத் திட்டம் நிச்சியின் கனவு கணிப்பொறியில் மறுபிறவி எடுத்தது போல இருந்தது. தொடக்க முடிவுகள் நம்பிக்கை அளித்தன.

பிறகு கடுமையான சோதனைகள் வந்தன. 2013இல் பிரிட்டனைச் சேர்ந்த ஹென்ஷாவும் பெர்குசனும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு, சான்று வலுவானதாக இல்லை என்றனர். 2016இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் 279 பேரிடம் நடந்த சோதனையில், செவிக்கருவியோடு லேஸ் பயிற்சியும் பெற்றவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடச் சிறந்துவிடவில்லை. நினைவாற்றலை மட்டும் வளர்க்கும் 'காக்மெட்' பயிற்சியைச் செவிக்கருவி அணிவோரிடம் சோதித்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்கள் நினைவுச் சோதனைகளில் தேறினர். பேச்சைக் கேட்டு விளங்கிக்கொள்வதில் முன்னேற்றம் இல்லை.

விதிவிலக்கு ஒன்றும் உண்டு. 2017இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், செவிக்கருவி அணிந்த முதியோர் 24 பேரில் ஒரு பாதியினருக்கு, இரைச்சலில் புதைந்த ஓசையின் நுண்மாற்றங்களைத் தேடிப் பின்தொடரும் விளையாட்டு ஒன்றை எட்டு வாரம் தந்தனர். மறுபாதிக்கு நினைவாற்றல் விளையாட்டு. முதற்பிரிவினர் இரைச்சலில் முன்னைவிடச் சுமார் 25 விழுக்காடு மிகுதியாகச் சொற்களை விளங்கிக்கொண்டனர். மற்றவருக்கு அந்தப் பயன் இல்லை. ஆனால் விளையாட்டை நிறுத்திய சில வாரங்களில் பயனும் கரைந்துவிட்டது.

இவ்வளவையும் தொகுத்தால் கிடைப்பது எளிய உண்மை. பழகியது பழகிய இடத்தில் சிறக்கிறது. பழகாத இடத்துக்கு அது தானாக நடந்து வருவதில்லை. அவதான மேடையின் கேள்விக்கு ஆய்வுகள் தந்த விடை இதுவே. மனம் கேட்டலில் பெரும்பணி செய்கிறது என்பது மெய். அதனால் மனத்தைத் தனியே எடுத்துத் தீட்டினால் கேட்டல் சிறக்கும் என்பது மட்டும் பின்தொடரவில்லை. 'மூளைப் பயிற்சி' என்ற பெயரில் செயலிகளைப் பணத்துக்கு விற்போர் இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வதில்லை.

*

அப்படியானால் கையை விரித்துவிட வேண்டியதுதானா? இல்லை. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, 70 முதல் 84 வயது வரையுள்ள, செவித்திறன் குறைந்த 977 பேரை மூன்றாண்டு தொடர்ந்தது. ஒரு பிரிவுக்குச் செவிக்கருவியும் செவியியலாளரின் ஆலோசனையும் கிடைத்தன. மற்றதற்குப் பொதுவான உடல்நலக் கல்வி. மொத்தத்தில் அறிதிறன் தேய்வில் வேறுபாடு இல்லை. ஆனால் தேய்வுக்கான வாய்ப்பு மிகுந்திருந்த துணைக்குழுவில், உதவி பெற்றவரிடம் தேய்வு 48 விழுக்காடு குறைவாக இருந்தது. துணைக்குழுவின் முடிவை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். எனினும் அது சுட்டும் திசை கவனிக்கத்தக்கது. மனத்தைப் பழக்கிச் செவியைக் காப்பதைவிட, செவிக்கு உதவி மனத்தைக் காக்கும் வாய்ப்பு மிகுதி போலத் தெரிகிறது.

மலையடிவாரக் கல்லூரிகளில் கற்பிப்போருக்கு மலையூர்களிலிருந்து வரும் மாணவர்களோடு பழக்கம் உண்டு. வீட்டு முதியவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது அடிக்கடி கேட்கும் சொல் 'மறதி'. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறார், பேச்சில் கலந்துகொள்வதில்லை, சொன்னதையே திரும்பக் கேட்கிறார் என்பார்கள். மறதி நோய் மெய்யாகவே இருக்கலாம். சொல் விளங்காமையும் வெளியே இதே தோற்றத்தைக் கொண்டிருக்கும். மறதியைச் சோதிக்கும் வினாக்களையும் நாம் வாயால்தான் கேட்கிறோம். வினா விளங்காதவர் தவறாக விடை சொன்னால் அதுவும் மறதிக் கணக்கில் எழுதப்படும். செவியைச் சோதிக்காமல் ஒருவரின் அறிவைத் தீர்ப்பிடுவது பெரும் அநீதி. சவ்வாது மலையில் இருப்பவர் செவியைச் சோதிக்கப் பெரும்பாலும் திருவண்ணாமலைக்கோ திருப்பத்தூருக்கோ வேலூருக்கோ இறங்கி வர வேண்டும். கருவியைச் செவிக்கேற்பத் திருத்த மீண்டும் மீண்டும் வர வேண்டும். ஒருமுறை வாங்கிய கருவி பெட்டிக்குள் உறங்குவதற்கு இந்தத் தொலைவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. மேலே கண்ட பயிற்சிகளின் பேச்சுப் பகுதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஊகித்தல் என்பது அவரவர் மொழியின் பழக்கத்தைச் சார்ந்தது. சாமையும் தேனும் மாரியம்மன் திருவிழாவும் வரும் வாக்கியத்தில் விடுபட்ட சொல்லை மலைவாழ் முதியவர் நொடியில் நிரப்புவார். பழக்கமில்லாத செய்தியில் தடுமாறுவார். அவரிடம் இருக்கும் செல்வம் அந்த மொழியனுபவம். அதைப் பயன்படுத்த அவருக்கு வாய்ப்புத் தருவது நம் கையில் இருக்கிறது. பேசத் தொடங்குமுன் பெயர் சொல்லி அழைத்தல், முகம் தெரியும்படி வெளிச்சத்தில் அமர்தல், தொலைக்காட்சியை நிறுத்துதல், எதைப் பற்றிய பேச்சு என்பதை முதலில் சொல்லுதல், விளங்காத வாக்கியத்தைக் கத்தித் திருப்பிச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுதல் ஆகியவற்றைச் செவியியலாளர்கள் உறவினர்களுக்குக் கற்பிக்கின்றனர். செலவில்லாத பயிற்சி. பழக வேண்டியவர் மட்டும் வேறு: கேட்பவர் அல்லர், பேசுபவர்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை, உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் குறைந்தவர்கள் என்றும், 2050இல் இத்தொகை 250 கோடியை நெருங்கும் என்றும் கணித்தது. அதில் நம் பெற்றோரும், சில ஆண்டுகளில் நாமும் இருப்போம்.

மலைபடுகடாம் கூத்தன் வழிப்போக்கருக்குச் சொல்லும் அறிவுரைகளுள் ஒன்று உண்டு. மலைவாழ் குறவரே வழி மயங்கும் குன்றில் அகப்பட்டுக்கொண்டால், மேலும் நடந்து தடுமாறாமல், அகன்ற பாறையில் ஒன்றுகூடி நின்று உங்கள் இசைக்கருவிகளை ஒலியுங்கள். அந்த ஓசை கேட்டுக் கானவர் வந்து வழிகாட்டுவர் என்பது அதன் கருத்து. வழி தவறியவன் தன் திறத்தால் மட்டும் மீள வேண்டும் என்று அந்தப் பாட்டு எதிர்பார்க்கவில்லை. அவன் ஒலிக்க வேண்டும். கேட்டவர் அவனிடம் வர வேண்டும். 'விளங்கவில்லை' என்று ஒரு முதியவர் சொல்வதும் அத்தகைய ஒலிதான். கேளிர் எனப்படுவோர் அதைக் கேட்க வேண்டும்.